மொசைக்கை உடைக்காதீர்கள், பழைய ஒயரை விட்டுவைக்காதீர்கள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான். சென்னை மந்தைவெளியில் 1970-களின் தொடக்கத்தில் கட்டிய, லிஃப்ட் இல்லாத மூன்று தளக் கட்டடம். அதில் முதல் மாடியில் சுமார் 850 சதுர அடி வீடு வாங்கியிருக்கிறீர்கள். ஹாலில் மொசைக், ஒரு படுக்கையறையில் மட்டும் சிவப்புத் தரை, கம்பி வைத்த மர ஜன்னல்கள், ஹாலுக்கும் சாப்பிடும் இடத்துக்கும் நடுவே சிமெண்ட் ஜாலி. பார்க்க வந்த கான்ட்ராக்டர், "எல்லாத்தையும் எடுத்துட்டு வெட்ரிஃபைட் டைல்ஸ், யூபிவிசி ஜன்னல், ஃபால்ஸ் சீலிங் போட்டுடலாம் சார், புது ஃப்ளாட் மாதிரி ஆயிடும்" என்கிறார். உங்களுக்கு அதில் மனசில்லை. வயதான அம்மாவும் கூட இருக்கப்போகிறார். எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது?

சுவருக்குள்ளேயும் தரைக்கு அடியிலேயும் ஓடுகிற எல்லாவற்றையும் தயவு தாட்சண்யம் பார்க்காமல் மாற்றுங்கள். காலில் படுவதையும் கையில் படுவதையும் முடிந்தவரை மாற்றாதீர்கள். பதில் இவ்வளவுதான். ஆனால் ஊரில் நடப்பது நேர் தலைகீழ். ஐம்பது வருஷம் தாங்கிய தரையை உடைத்து டைல்ஸ் போடுவார்கள், தேக்குக் கதவைக் கழற்றிவிட்டுப் பிளைவுட் கதவு மாட்டுவார்கள், ஆனால் அதே பழைய அலுமினிய ஒயரின் நுனியில் புது மாடுலர் ஸ்விட்சைப் பொருத்திவிட்டுப் போய்விடுவார்கள். கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்தான் பில் போட முடியும் என்பது அவர்கள் கணக்கு.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு விஷயம், பலரும் இதைக் கடைசியில்தான் கேட்கிறார்கள். அசோசியேஷனில் மறுகட்டுமானப் பேச்சு ஓடுகிறதா என்று விசாரியுங்கள். சென்னையில் இந்தக் காலத்து மூன்று தளக் கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிபடுவதற்குக் காரணம் அவை விழப்போகின்றன என்பது மட்டுமல்ல. 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் தளப் பரப்புக் குறியீட்டை, அதாவது மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவை, 1.5-இலிருந்து 2 ஆக்கின. அதனால் அதே மனையில் கூடுதலாகக் கட்ட முடிகிறது, பில்டர்கள் தேடி வருகிறார்கள். 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024-இல் நடைமுறைக்கு வந்தபின், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தாலே மறுகட்டுமானத்துக்குப் போகலாம், எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களில் பாதிப் பேர் வெளிநாட்டில் இருந்து வாடகைக்கு விட்டிருந்தால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அப்படியென்றால் ஒன்றும் செய்யாதீர்கள் என்று அர்த்தமில்லை. ஒயரிங், பாத்ரூம், தரை பாலிஷ் என்று இருக்கத் தேவையானதைச் செய்துகொண்டு, மிச்சப் பணத்தைக் கழற்றிக்கொண்டு போகக்கூடிய கதவு, ஜன்னல், விளக்கு, அலமாரியில் போடுங்கள். சுவரோடு ஒட்டிய மாடுலர் கிச்சனுக்குப் பத்து லட்சம் கொட்டாதீர்கள்.

அடுத்தது கட்டடத்தின் உடம்பு. அந்தக் காலத்து மூன்று தளக் கட்டடங்களில் பலவற்றில் தூணே கிடையாது, 9 அங்குலச் செங்கல் சுவர்தான் மேல்தளத்தைத் தாங்குகிறது. ஹாலைப் பெரிதாக்குகிறேன் என்று எந்தச் சுவரிலும் கை வைக்க விடாதீர்கள். நாலரை அங்குலத் தடுப்புச் சுவரை எடுக்கலாம் என்பார்கள். அதன் மேல் பரண் உட்கார்ந்திருக்கிறதா, மேல் வீட்டில் அதே இடத்தில் சுவர் இருக்கிறதா என்று பார்க்காமல் எடுக்கக் கூடாது. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவர் வந்து பார்க்க வாங்கும் தொகை, உங்கள் மொத்தச் செலவில் கண்ணுக்கே தெரியாது. அவர் வரும்போது கூரையைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மந்தைவெளி கடலுக்குப் பக்கம். உப்புக் காற்றும், வருஷக்கணக்கில் கான்கிரீட்டுக்குள் இறங்கிய கரியமில வாயுவும் சேர்ந்து உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் எடுக்கும், அதனால் அடியில் உள்ள கான்கிரீட் வெடித்துப் பொருக்குப் பொருக்காக விழும். பாத்ரூம், பால்கனி, சன்ஷேட் மூன்றிலும் இது முதலில் தெரியும். ஓரிடத்தில் கொத்தி, புதிதாக உடைந்த பரப்பில் ஃபீனாப்தலின் கரைசலைத் தெளித்தால் நல்ல கான்கிரீட் பளிச்சென்று இளஞ்சிவப்பாகும், காரத்தன்மை போன கான்கிரீட் நிறம் மாறாது. அந்த நிறம் மாறாத ஆழம் கம்பியைத் தொட்டுவிட்டதா என்பதுதான் கேள்வி. தொட்டிருந்தால், தளர்ந்ததை எல்லாம் கொத்தி எடுத்து, கம்பியை முழுச் சுற்றும் பளபளவென்று தேய்த்து, துருத் தடுப்பு பிரைமர் அடித்து, பாலிமர் கலந்த சாந்தைப் படிப்படியாகக் கட்ட வேண்டும். சாதாரண சிமெண்ட் சாந்தை அப்பிப் பட்டி பார்த்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். இரண்டு மழைக்குள் மறுபடி விழும். அதை மறைக்கத்தான் பலரும் ஃபால்ஸ் சீலிங் போடுகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, தரைக்கு வருவோம். உங்கள் வீட்டிலேயே விலை மதிப்புள்ளது அதுதான்.

இப்போது டெரஸ்ஸோ என்று பத்திரிகைகளில் வருவதைத்தான் நம் ஊரில் மொசைக் என்கிறோம். சிமெண்டில் மார்பிள் சிப்ஸ் கலந்து தரையிலேயே போட்டு, கண்ணாடிப் பட்டையோ அலுமினியப் பட்டையோ வைத்துக் கட்டம் பிரித்து, காய்ந்தபின் அரைத்து மெருகேற்றிய தரை. அதன் மேல்படிவம் அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும், ஒவ்வொரு பாலிஷுக்கும் தேய்வது மிகச் சொற்பம். மங்கிப்போய், பழுப்பேறி, கட்டில்கால் துருக்கறையோடு கிடக்கும் தரையைப் பார்த்து "இது போச்சு சார்" என்று சொல்கிறவர் டைல்ஸ் கடையோடு கமிஷன் பேசியவராக இருக்கும். ஒரு சதுர அடியில் மட்டும் சாம்பிள் பாலிஷ் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள். செலவும் பெரும்பாலும் புது டைல்ஸ் போடுவதில் பாதிக்குள் அடங்கிவிடும்.

பழைய தரை மேலேயே டைல்ஸ் ஒட்டலாம் என்ற யோசனையும் வரும். இரண்டு அங்குலக் கலவையும் டைல்ஸும் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 120 கிலோ ஏறும். வீடுகளின் தளத்துக்கு ஆட்கள், சாமான்கள் என்று கணக்கில் எடுக்கும் சுமையே சதுர மீட்டருக்கு 200 கிலோதான். ஐம்பது வயதுத் தளத்தின் மேல் இதை ஏற்றுவானேன்? பசை வைத்து ஒட்டினால் எடை குறையும்தான், ஆனாலும் தரை உயர்வதால் எல்லாக் கதவையும் அடியில் அறுக்க வேண்டும், பாத்ரூம் வாசலில் படி இடறும்.

மொசைக்கை மீட்கும் முறை இது. முதலில் ஒரு நாணயத்தாலோ சின்னச் சுத்தியாலோ தரை முழுக்கத் தட்டிப் பார்த்து, பொத்தென்று சத்தம் வரும் இடங்களைச் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொள்ள வேண்டும். அங்கே அடியில் பிடிப்பு விட்டிருக்கிறது. அப்புறம் குழிகள், சிப்ஸ் பெயர்ந்த இடங்கள், பழைய குழாய்க்காக வெட்டி வெறும் சிமெண்டால் மூடிய கோடுகள். இவற்றை நிரப்பும்போதுதான் வேலைக்காரரின் கை தெரியும். கடையில் இப்போது கிடைக்கும் சிப்ஸ் உங்கள் தரைக்குப் பொருந்தாது, நிறமும் அளவும் வேறாக இருக்கும். அதனால் உங்கள் வீட்டுத் தரையிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். சமையல் மேடைக்கு அடியில், மாற்றப்போகும் பாத்ரூம் வாசலில், கட்டிய அலமாரிக்குள் என்று கண்ணில் படாத இடத்தில் அதே மொசைக் இருக்கும். அதைப் பெயர்த்து, சாக்கில் போட்டுச் சுத்தியால் உடைத்து, சிமெண்டைத் தட்டி விட்டுச் சலித்தால் ஐம்பது வருஷத்துக்கு முந்தைய அதே சிப்ஸ் கையில் இருக்கும். வெள்ளை சிமெண்டில் ஆக்சைடு நிறத்தைச் சிட்டிகை சிட்டிகையாகக் கலந்து, சின்னச் சின்ன வில்லையாகத் தட்டி, காயவைத்து, ஈரத்தில் ஒருமுறையும் காய்ந்தபின் ஒருமுறையும் தரையோடு வைத்துப் பார்த்து நிறத்தை முடிவு செய்யுங்கள். ஈரத்தில் எல்லாமே பொருந்துவது போலத்தான் இருக்கும். ஒரு கட்டத்தில் பாதிக்கு மேல் போயிருந்தால் ஒட்டுப்போடாதீர்கள், பட்டைக்குப் பட்டை அந்தக் கட்டம் முழுவதையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். ஒழுங்கான ஓரத்தோடு இருக்கும் வேறு நிறக் கட்டம் கண்ணை உறுத்தாது, வழிந்த மாதிரி இருக்கும் ஒட்டுத்தான் உறுத்தும்.

நிரப்பிய இடத்தில் ஒரு வாரமாவது ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு, பிறகுதான் மெஷின். 60-ஆம் நம்பர் கல்லில் ஆரம்பித்து 120, 320 என்று ஏறும், நம்பர் ஏற ஏறக் கல் நைசாகும். இப்போது வைரப் பேடு வந்துவிட்டதால் 3000 வரை போய்க் கண்ணாடி மாதிரி ஆக்கித் தருகிறேன் என்பார்கள். வேண்டாம். வீட்டில் வயதானவர் இருக்கிறார், ஈரக் காலோடு நடப்பார். 400-இல் நிறுத்தி, மேலே சீலர் அடித்தால் போதும். மொசைக்குக்கு அந்த மங்கலான மினுமினுப்புத்தான் அழகு என்பது என் கட்சி. மெஷினிலிருந்து சாம்பல் நிறப் பால் போலக் குழம்பு ஓடும், அதை வாரி வாளியில் எடுத்துக் கீழே கொண்டுபோக வேண்டும். பாத்ரூம் ஓட்டையில் கழுவித் தள்ளினால் கட்டடத்துக்கே கழிவுக்குழாய் அடைக்கும், அப்புறம் அசோசியேஷன் செயலாளர் முகத்தில் முழிக்க முடியாது. துருக்கறைக்கு ஆக்சாலிக் அமிலம் கேட்கும். ஆனால் பாத்ரூம் ஆசிட் ஒரு சொட்டுகூட மொசைக்கில் படக் கூடாது, அது மார்பிளையும் சிமெண்டையும் அரித்து வெளிறிய தழும்பாக்கிவிடும். பெயிண்டர் சிந்தியதைச் சுத்தம் செய்கிறேன் என்று கடைசி நாளில் ஆசிட் ஊற்றிப் பாழான தரைகளை நிறையப் பார்த்தாகிவிட்டது.

எலக்ட்ரிக், பிளம்பிங் வெட்டு வேலை எல்லாம் முடிந்தபின், பெயிண்டுக்கு முன் பாலிஷ். முடிந்ததும் பிளாஸ்டிக் ஷீட் விரித்து, அதன் மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி மூடிவிடுங்கள். ஷீட் இல்லாமல் நேராக ஊற்றினால் கறை பிடிக்கும்.

சிவப்புத் தரை வேறு சாதி. ரெட் ஆக்சைடை சிமெண்டோடு கலந்து, ஈரம் இறுகும் பதம் பார்த்துக் கரணையால் தேய்த்துத் தேய்த்து மெருகு ஏற்றியது அது. மெருகு மேலே மெல்லிசாகத்தான் இருக்கும், எனவே மெஷின் ஏற்றி அரைக்கக் கூடாது. விரிசல் விட்டிருந்தால் பொருந்துகிற மாதிரி ஒட்டுப்போடவும் முடியாது, புதுச் சிவப்பு எப்போதும் வேறு சிவப்பாகத்தான் இருக்கும். தலைமுடி கனத்து விரிசல்களை அப்படியே விடுங்கள். சோப்புத் தண்ணீரால் கழுவி, நன்றாகக் காயவிட்டு, மெழுகுப் பாலிஷோ சில சொட்டுத் தேங்காயெண்ணெயோ துணியில் தொட்டுத் தேயுங்கள். எண்ணெய் அதிகமானால் வழுக்கும், தூசியும் ஒட்டும். உடைந்து குழியானது அதிகம் என்றால் அந்த ஒரு அறைக்கு மட்டும் ஆத்தங்குடிக் கல் யோசிக்கலாம். காரைக்குடிப் பக்கம் கண்ணாடித் தட்டின் மேல் நிறச் சிமெண்டை ஊற்றிக் கையால் செய்வது, சூளையில் சுடுவதில்லை. ஆனால் வீடு முழுக்க ஆத்தங்குடி போட்டு, செட்டிநாட்டுத் தூண் ஒன்றை வாங்கி ஹாலில் நிறுத்த வேண்டாம். மந்தைவெளி ஃப்ளாட் 1970-களின் நடுத்தர வர்க்க வீடு, அதற்கென்று ஒரு முகம் இருக்கிறது, வேறு ஊர் முகமூடி தேவையில்லை.

அப்புறம் ஜன்னல். முதலில் அது தேக்குதானா என்று பாருங்கள். ஐந்தாறு பூச்சு எனாமலுக்கு அடியில் என்ன மரம் என்று யாருக்கும் தெரியாது. கீல் பக்கத்து விளிம்பில், மூடினால் மறைகிற இடத்தில், கட்டைவிரல் அகலத்துக்குச் சுரண்டிப் பாருங்கள். பொன்னிறத்தில், எண்ணெய்ப் பிசுக்கோடு, தோல் வாசனை மாதிரி ஒன்று வந்தால் தேக்கு. செலவைக் குறைக்க அந்தக் காலத்திலேயே திறந்து மூடும் சட்டத்தைத் தேக்கிலும், சுவரில் பதித்த நிலையை வேறு நாட்டு மரத்திலும் செய்த பில்டர்கள் உண்டு. நாட்டு மரம் என்றால் பெயிண்டையே மறுபடி அடியுங்கள், அதைச் சுரண்டி வார்னிஷ் போட்டால் திட்டுத் திட்டாகத் தெரியும். பெயிண்ட் அடித்த ஜன்னலும் அந்தக் காலத்து வழக்கம்தான், அதில் ஒன்றும் குறைச்சல் இல்லை.

சுரண்டும்போது ஒரு எச்சரிக்கை, இதை யாரும் சொல்வதில்லை. பழைய எனாமலில் ஈயம் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு, கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் 2016-இல்தான் வந்தது, அமலானது 2017-இல். மெஷினில் உப்புத்தாள் மாட்டி உலர்வாகத் தேய்த்தால் அந்த ஈயம் தூசியாக வீடு முழுக்கப் பரவும், சின்னக் குழந்தைகளுக்கு மிக மோசம். பெயிண்ட் ரிமூவர் தடவி ஊறவைத்து வழித்தெடுப்பது, அல்லது ஈரமாக்கித் தேய்ப்பது நல்லது. சட்டங்களைக் கழற்றி மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்ச் செய்யுங்கள், வழித்ததை ஷீட்டில் பிடித்து மூட்டை கட்டிவிடுங்கள்.

பழைய ஜன்னல்கள் அழுகுவது எப்போதும் ஒரே இடத்தில்தான், மழை அடிக்கும் பக்கத்துச் சட்டத்தின் அடிக்கட்டை. அதற்காக ஜன்னலையே மாற்றுவது பைத்தியக்காரத்தனம். கூர்மையான ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்து, உள்ளே இறங்கும் வரை வெட்டி எடுத்துவிட்டு, பழைய தேக்குத் துண்டைச் செதுக்கி இணைக்க நல்ல ஆசாரிக்கு அரை நாள் போதும். புதுத் தேக்கு வேண்டாம், இடிப்பு வீட்டு மரம் விற்கும் கடைகளில் பழைய மரம் கிடைக்கும், அது நன்றாக உலர்ந்து அடங்கியிருப்பதால் பிறகு முறுக்காது. நிலையில் கரையான் போயிருக்கிறதா என்பதையும் சுவரோடு ஒட்டிய பக்கத்தில் தட்டிப் பார்க்க வேண்டும். பித்தளைக் கொண்டி, தாழ்ப்பாள் எல்லாவற்றையும் எனாமலில் முக்கி எடுத்தது போல வைத்திருப்பார்கள். கழற்றி, பழைய அலுமினியம் அல்லாத பாத்திரத்தில் சோப்பு நீரில் போட்டுக் கொதிக்கவைத்தால் பெயிண்ட் தோலாக உரிந்துவிடும், உள்ளே இருப்பது இன்றைக்குக் கடையில் கிடைக்கிற கொண்டியைவிட இரண்டு மடங்கு கனம்.

யூபிவிசி என்ற பிளாஸ்டிக் ஜன்னலைப் போடச் சொல்கிறவர்கள் காட்டும் காரணங்கள் மூன்று: தூசி, சத்தம், ஏசி காற்று வெளியேறுவது. மூன்றும் நியாயமான புகார்கள்தான். ஆனால் சட்டம் நிலையில் உட்காரும் படியில் ரப்பர் பட்டை ஒட்டினால், பழைய மெல்லிய கண்ணாடியை எடுத்துவிட்டு 5 மி.மீ. கண்ணாடி போட்டால், முக்கால்வாசி தீர்ந்துவிடும். மீதியை நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், அது பழைய வீட்டுக்குக் கொடுக்கிற வாடகை. கொசுவலைதான் உண்மையான தலைவலி. நம் ஜன்னல் வெளியே திறக்கும், கம்பி உள்ளே இருக்கும், கொண்டியைப் போட கம்பிக்கு நடுவே கையை விட வேண்டும். வலையை எங்கே வைப்பது? உள்பக்கம் மெல்லிய தேக்குச் சட்டத்தில் வலைக்கதவு செய்து, உள்ளே திறக்கிற மாதிரி கீல் வையுங்கள். வெல்க்ரோ வலை ஒட்டினால் ஒரு மாதத்தில் யாரும் ஜன்னலையே திறக்க மாட்டார்கள்.

கதவுக்கும் ஜன்னலுக்கும் மேலே இருக்கும் வென்டிலேட்டரை ஏசிக்காகச் செங்கல் வைத்து அடைக்கச் சொல்வார்கள். விடாதீர்கள். சூடான காற்று போகிற வழி அது. ஒரு கண்ணாடித் துண்டைச் சின்னச் சட்டத்தில் போட்டு, ஏசி போடும் மாதங்களில் மூடி மற்ற மாதங்களில் திறக்கிற மாதிரி செய்தால் முடிந்தது. ஏசியின் வெளி யூனிட்டைச் சன்ஷேட் மேல் உட்கார வைக்காதீர்கள், அந்த மெல்லிய பலகை எடை தாங்கக் கட்டியதல்ல, அதன் கம்பி இந்நேரம் எந்த நிலையில் இருக்கிறதோ. சுவரில் பிராக்கெட் அடித்தோ மொட்டை மாடியிலோ வையுங்கள். பத்தடி உயரக் கூரையை ஒன்பதரை அடிக்கு இறக்கும் ஃபால்ஸ் சீலிங் எந்த அறைக்கும் வேண்டாம். மேல் வீட்டுக் கழிவுக்குழாய் தொங்குகிற உங்கள் பாத்ரூமில் மட்டும், கழற்றித் திறக்கக்கூடிய மாதிரி போட்டுக்கொள்ளலாம்.

இனி இரக்கம் காட்டக் கூடாத இடம். 1970-களில் தாமிரம் கிடைப்பது கஷ்டமாக இருந்ததால் வீடுகளுக்கு அலுமினிய ஒயர்தான் பரவலாகப் போட்டார்கள், பல வீடுகளில் எர்த்தும் ஒழுங்காக இருக்காது. அலுமினியம் முடுக்கிய இடத்தில் நாளடைவில் தளரும், சூடாகும். இரண்டு ஃபேன், நான்கு பல்பு, ஒரு ரேடியோவுக்காகப் போட்டது அது. மீட்டரிலிருந்து எல்லாமே புதிது: விளக்குக்கு 1.5, பிளக் பாயிண்டுக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் 4 சதுர மி.மீ. தாமிர ஒயர், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, சரியான எர்த். இ.பி.யில் லோடு அதிகம் கேட்டு எழுதிக்கொடுப்பதை வேலையின் முதல் வாரமே செய்யுங்கள், அது அவர்கள் வேகத்தில்தான் நடக்கும். ஒயர் போக சுவரை வெட்டும்போது மேலிருந்து கீழாகத்தான் வெட்ட வேண்டும், படுக்கைவாட்டில் நீளமாக வெட்டினால் சுமை தாங்கும் சுவரின் பலம் போகும். தேக்குப் பட்டைமேல் ஓடிய பழைய ஒயரிங் இன்னும் ஓரிடத்தில் இருந்தால், ஹாலில் மட்டும் அந்தப் பட்டையைக் கழற்றிப் பாலிஷ் செய்து, அதன் மேல் புது ஒயரை ஓட்டலாம். வட்ட மரக் கட்டையும் கறுப்பு பேக்லைட் மாதிரி டம்ளர் ஸ்விட்சும் இப்போது புதிதாகவே செய்து விற்கிறார்கள். பழசைக் கழற்றி மறுபடி மாட்டாதீர்கள், உள்ளே ஸ்பிரிங் செத்திருக்கும்.

குழாயும் அப்படித்தான். பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயின் உள்விட்டம் துருவால் பென்சில் கனத்துக்குச் சுருங்கியிருக்கும், முழுக்க சிபிவிசி பிளாஸ்டிக் குழாய்க்கு மாற்றுங்கள். பாத்ரூமில் தரை, சுவர், பீங்கான் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம், அதில் ஏக்கம் வேண்டாம். சங்கிலி இழுக்கும் இரும்புத் தொட்டி பார்க்க அழகுதான், பராமரிக்க ஆள் கிடையாது. டைல்ஸ் தேர்வில் மட்டும் பழசை நினைவில் வையுங்கள்: பெரிய பளிங்கு டிசைன் டைல்ஸ் வேண்டாம், சுவருக்குச் சின்னச் சதுர வெள்ளை டைல்ஸ், தரைக்கு வழுக்காத சொரசொரப்பு, அம்மாவுக்காகக் கைப்பிடிக் கம்பி. உங்கள் பாத்ரூம் குழாய்கள் கீழ் வீட்டுக் கூரைக்கு அடியில்தான் ஓடும், ஆகவே கீழ் வீட்டுக்காரரிடம் முதல் நாளே போய்ப் பேசிவிடுங்கள், அவர் கதவைத் திறந்தால்தான் உங்கள் வேலை நடக்கும். நீர்த்தடுப்புப் பூச்சு காய்ந்ததும் டைல்ஸ் போடும் முன் ஓட்டையை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் கட்டி, கீழே போய்க் கூரையைப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் "நம்புங்க சார்" என்கிற பிளம்பரை நம்பாதீர்கள்.

சமையலறையில் கடப்பாக் கல் மேடை இருந்தால் கல்லை வைத்துக்கொண்டு, உயரம் குறைவாக இருந்தால் மட்டும் தாங்கு சுவரை ஏற்றிக் கட்டச் சொல்லுங்கள். அடியில் உள்ள கடப்பா அலமாரிக்குக் கதவு மட்டும் போட்டால் மாடுலர் கிச்சனின் பாதி வசதி வந்துவிடும். கரையானும் ஈரமும் ஒன்றும் செய்யாது.

சுவரில் பழைய டிஸ்டெம்பர் மேலேயே எமல்ஷன் அடிக்க விடாதீர்கள், செதில் செதிலாக உரியும். சுரண்டிக் கழுவி, பொத்தலான காரையை மட்டும் வெட்டிப் பூசி, பிறகு பட்டி. சுவரைக் கண்ணாடிபோல் நேராக்குகிறேன் என்று அங்குலக் கணக்கில் பட்டி ஏற்றுவது வேண்டாம், பழைய சுவருக்கு லேசான மேடுபள்ளம் இருக்கட்டும். நிறம் தெரியவில்லை என்றால் சுவர் அலமாரிக்குள் பின்சுவரைப் பிளேடால் பூச்சுப் பூச்சாகச் சுரண்டுங்கள். அடியில் பிஸ்தா பச்சையோ சந்தன நிறமோ கிடைக்கும், அதை ஒரு துண்டாக எடுத்துக் கடையில் காட்டினால் கலந்து தருவார்கள். சிமெண்ட் ஜாலிக்கு ஒவ்வொரு பெயிண்டருமாக அடித்து ஓட்டைகளே வட்டமாகிப் போயிருக்கும். அதைப் பொறுமையாகக் கம்பித் தூரிகையால் ஈரத்தோடு சுரண்டி, மெல்லிய ஒரு பூச்சு வெள்ளை போதும்.

கான்ட்ராக்டரோடு ஒப்பந்தம் எழுதும்போது ஒரு வரியை மறக்காமல் சேருங்கள்: கழற்றுகிற எந்தச் சாமானும் நீங்கள் சொல்லாமல் வெளியே போகக் கூடாது. பழைய தேக்கு, பித்தளை, இரும்பு எல்லாம் இடிக்கிறவர்களின் மேல்வரும்படி என்பது ஊர் வழக்கம், "குப்பையை நாங்களே எடுத்துட்டுப் போறோம் சார்" என்று தாராளமாகச் சொல்வதன் பொருள் அதுதான். எல்லாவற்றையும் ஒரு அறையில் போட்டுப் பூட்டி, எந்தக் கொண்டி எந்த ஜன்னலுக்கு என்று டேப் ஒட்டி எழுதிவையுங்கள். ஆசாரியையும் மொசைக் பாலிஷ்காரரையும் கான்ட்ராக்டர் மூலம் அல்லாமல் நீங்களே நேராகப் பேசுவது உத்தமம். பக்கத்தில் எந்தப் பழைய கல்யாண மண்டபத்திலோ பள்ளிக்கூடத்திலோ மொசைக் பளிச்சென்று இருக்கிறதோ, அங்கே யார் பாலிஷ் போட்டது என்று கேளுங்கள்.

கடைசியாக நேரம். தை பிறந்ததும் தொடங்குங்கள். கூரை, ஒயர், குழாய் முதலில், அப்புறம் தரை, பங்குனி சித்திரை வெயிலில் மர வேலையும் பெயிண்டும். மழைக்காலத்தில் மரம் ஊதிக் கதவு இறுகும், ஆசாரி உடனே இழைப்புளியை எடுப்பார், கோடையில் விரல் போகிற இடைவெளி நிற்கும். அரக்குப் பாலிஷும் ஈரக் காற்றில் வெளுத்துப்போகும், அதனால் அதை உள்பக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு வெளிப்பக்கத்துக்கு வெயில் மழை தாங்கும் வார்னிஷ் போடுங்கள். வேலை எப்படி இழுத்தாலும் ஐப்பசி கார்த்திகையில் பாலிஷ் டப்பாவைத் திறக்கச் சம்மதிக்காதீர்கள், அந்த இரண்டு மாதம் சும்மா கிடந்தாலும் பரவாயில்லை.